உறை மோர்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரைக் கேட்டதும் சிலருக்குக் கோபுரம் நினைவுக்கு வரும். பலருக்கு, வெளியே சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டாலும், பால்கோவாதான் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவதோ என் பெரியம்மாவின் தயிர்ச் சட்டி.

பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போய்த் தங்கியிருந்த காலத்தில் ஒருநாள் இரவு நான் ஒரு பெரிய குற்றம் செய்துவிட்டேன். எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்களைக்குள் புகுந்து, சட்டியிலிருந்த தயிரை அடிவரையில் வழித்துச் சாப்பிட்டுவிட்டேன். விடிந்ததும் அகப்பட்டுக் கொண்டேன் என்று சொல்லவும் வேண்டுமா? தயிர் போனதைப் பற்றிப் பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏண்டா, உறைக்குக் கூட ஒரு கரண்டி வைக்காமலா தின்பாய்?" என்றுதான் கேட்டாள். பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மதினி, ஒரு கரண்டி உறை மோர் இருக்குமா?"

"அதுக்கென்ன மதினி இவ்வளவு தயக்கம்? போன மாசம் உங்க வீட்டு உறைதானே எங்க சட்டிக்கு வந்தது! உங்க சொத்தை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க."

கொடுத்த உறை திரும்பி வந்த இந்த நிகழ்ச்சி, இத்தனை வருஷங்களுக்குப் பிறகு, ராஜபாளையத்தில் ஒரு சாக்கடைத் தொட்டியின் கரையில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. தயிர்ச் சட்டிக்கும் சாக்கடைத் தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று முகம் சுளிக்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஒன்று பாலின் ஊர். மற்றொன்று பஞ்சின் ஊர். 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அங்கே நூற்பாலையை ஆரம்பித்ததிலிருந்து, மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரின் பிழைப்பு நூலோடு நூலாகப் பின்னிக் கிடக்கிறது. பக்கத்திலுள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் முதலிய ஊர்களில் வேறொரு தொழில் வேரூன்றியது. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுகிறார்களே, அந்த பேண்டேஜ் துணி நெய்கிற தொழில். நீங்களும் நானும் என்றைக்காவது கையைக் காலை உடைத்துக்கொண்டு கட்டுப் போட்டுக்கொண்டிருந்தால், அந்த வெள்ளைத் துணி இந்தப் பக்கத்துத் தறியிலிருந்து வந்ததாக இருந்தாலும் இருக்கலாம்.

அந்தத் துணி தறியை விட்டு இறங்கும்போது வெள்ளையாக இருப்பதில்லை. பாவு நூல் அறுந்து போகாமல் இருப்பதற்காகப் போட்ட கஞ்சி அதில் இருக்கும். பருத்திக்கு இயற்கையாகவே உள்ள மெழுகுப் பசை இருக்கும். மெழுகு இருக்கும் வரையில் துணி ரத்தத்தை உறிஞ்சாது. ஆகையால் முதலில் கஞ்சியை நீக்கி, பிறகு காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, அப்புறம் வெளுப்பு மருந்தில் போட்டு, பல தண்ணீரில் அலசுகிறார்கள். துணி மல்லிகைப் பூவாக வெளியே வருகிறது. அழுக்கெல்லாம் எங்கே போயிற்று? தண்ணீருக்குப் போயிற்று! பிறர் புண்ணை ஆற்றுவதற்குத் துணி செய்து கொடுத்துவிட்டு, தன் ஊர்க் கண்மாயில் புண்ணை உண்டாக்கிக் கொள்வது என்ன நியாயம்?

இந்தக் கேள்விக்குப் பதிலாக ஏற்பட்டதுதான் நான் பார்த்த தொட்டி. என் நண்பர் ஒருவரின் சலவைப் பட்டறையில் இருக்கிறது. 'ஈ.டி.பி.' என்று அதை மூன்றே எழுத்தில் சொல்கிறார்கள். காபி நிறத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அடியிலிருந்து யந்திரம் காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒரு கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரை மொண்டு, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "அரை மணி பொறுங்க அண்ணாச்சி" என்றார். அரை மணியில் பழுப்புத் திப்பிகளெல்லாம் ஒன்றுகூடிக் கீழே இறங்கிவிட்டன. மேலே நின்ற தண்ணீர் தெளிந்திருந்தது.

"இந்தச் சேற்றை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"பெரும்பங்கைத் திரும்பத் தொட்டியிலேயே விட்டுருவோம். அது இல்லாட்டித் தொட்டி செத்துரும். அதுதானே அண்ணாச்சி உறை!"

அவர் சரித்திரம் படித்தவர் அல்லர். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு பெரிய கண்டுபிடிப்பின் முழு ரகசியத்தையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அந்தக் கண்டுபிடிப்பின் கதையைக் கேளுங்கள்.

கதை ஆரம்பமாவது இன்னொரு பஞ்சு நகரத்தில், இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டரில். நம் நாட்டுப் பருத்தி கப்பலேறிப் போய்த் துணியாகத் திரும்பி வந்த அதே மான்செஸ்டர்தான். ஆலைகள் பெருகப் பெருக அந்த ஊரின் இர்வெல் நதி சாயமும் சாக்கடையுமாக ஓடிற்று. நகரத்துக் கழிவை டேவிஹூம் என்ற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்ய 1894-ல் ஒரு நிலையம் அமைத்தார்கள்.

அழுக்கைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். 1877-ல் ஷ்லோசிங், முன்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் அதை நிரூபித்திருந்தார்கள். சாக்கடை நீர் மண்ணின் வழியாக மெதுவாக இறங்கும்போது சுத்தமாவது மண்ணின் மகிமையால் அல்ல, மண்ணில் வாழும் பாக்டீரியாக்களின் வேலையால் என்று அவர்கள் காட்டினார்கள். அதன்மேல் கருங்கல் ஜல்லியைப் பரப்பி அதன் வழியாகக் கழிவு நீரைச் சொட்டவிடும் முறை ஏற்பட்டது. கல்லின் மேல் பாக்டீரியாக்கள் பாசியாகப் படிந்து, போகிற நீரிலுள்ள அழுக்கைத் தின்னும். நல்ல முறைதான். ஆனால் பெரிய நகரத்தின் கழிவுக்கெல்லாம் ஜல்லி பரப்ப வேண்டுமானால் இடத்துக்கு எங்கே போவது?

மான்செஸ்டரில் இதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர் கில்பர்ட் ஃபௌலர் என்ற ரசாயன நிபுணர். 1912-ல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் லாரன்ஸ் என்ற ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில், கழிவு நீர் நிரம்பிய சீசாவுக்குள் காற்றை ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஜல்லியே இல்லாமல் தண்ணீர் தெளிந்து கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பியதும், ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரு இளைஞர்களிடம் அந்தச் சோதனையைச் செய்து பார்க்கச் சொன்னார்.

அவர்கள் செய்தார்கள். சீசாக்களில் மான்செஸ்டர் சாக்கடையை நிரப்பினார்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்று பழுப்புக் காகிதத்தைச் சுற்றினார்கள். இரவும் பகலும் காற்றை ஊதினார்கள். தண்ணீர் முழுவதும் சுத்தமாவதற்கு ஐந்து வாரம் பிடித்தது! ஐந்து வாரம் ஒரு நகரத்தின் சாக்கடையைத் தேக்கி வைக்க எந்த முனிசிபாலிடியால் முடியும்? வேறு யாராவதாக இருந்தால், 'இது நடக்கிற காரியமில்லை' என்று சீசாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆர்டர்னும் லாக்கெட்டும் சீசாவைக் கழுவவில்லை. அங்கேதான் இருக்கிறது விசேஷம். தெளிந்த நீரை மட்டும் வடித்துக் கொட்டினார்கள். அடியில் தங்கிய சேற்றை அப்படியே விட்டு, அதன் மேலேயே புதுச் சாக்கடையை ஊற்றி மறுபடியும் ஊதினார்கள். இந்தத் தடவை ஐந்து வாரம் ஆகவில்லை. மறுபடியும் வடித்து, மறுபடியும் நிரப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் சேறு பெருகிற்று, நேரம் குறைந்தது. கடைசியில் வாரக் கணக்கு போய் மணிக் கணக்காகிவிட்டது!

காரணம் என்ன? கீழே தங்கியது சேறு அல்ல. அழுக்கைத் தின்னப் பழகிய பாக்டீரியாக்கள் கோடி கோடியாகக் கூடிக் குடியிருக்கும் திப்பி அது. அதைக் கொட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் குடித்தனத்தை ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வைத்துக்கொண்டால், புதிய அழுக்கு வந்து விழுந்தவுடன் பந்தியில் உட்காரத் தயாராக ஒரு சேனையே காத்திருக்கும். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு என்று நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ தலைமுறையாக வைத்திருக்கும் கணக்கு இதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. தயிருக்கு ஒரு கரண்டி உறை போதும். சாக்கடைக்குச் சட்டி உறை வேண்டும்.

1914-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி ரசாயனத் தொழிற் சங்கத்தின் கூட்டத்தில் ஆர்டர்னும் லாக்கெட்டும் தங்கள் கட்டுரையை வாசித்தார்கள். 'உயிரூட்டிய சேறு' என்று பொருள்படும்படி அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். இன்று உலகத்தின் பெரிய நகரங்களில் கழிவு நீர் சுத்தமாவது பெரும்பாலும் இந்த முறையினாலும் இதன் வாரிசுகளினாலும்தான்.

புதையல் கிடைத்த வீட்டில் வழக்கு இல்லாமல் இருக்குமா? இந்த முறைக்கான யந்திர ஏற்பாடுகளுக்கு ஒரு கம்பெனி பேடண்ட் உரிமை வாங்கி வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் மில்வாக்கி நகரம் 1925-ல் இந்த முறையில் ஒரு பெரிய நிலையம் கட்டியது. உரிமைக்காரர்கள் நகரத்தின் மேல் வழக்குப் போட்டு ஜயித்தார்கள். ஆனால் அந்த மில்வாக்கிக்காரர்களின் சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். உறைக்கு வேண்டியது போக மிஞ்சிய சேற்றை உலர்த்திப் பொடியாக்கி, 1926-லிருந்து 'மிலார்கனைட்' என்ற பெயரில் மூட்டை கட்டி விற்றார்கள். பணக்காரர்கள் பந்தாடும் புல்வெளிகளுக்கெல்லாம் அது உரமாகப் போயிற்று. சாக்கடையில் பணம் மிதக்கிறது என்று யாராவது சொன்னால் இனிமேல் சிரிக்காதீர்கள்.

இருக்கட்டும். ஃபௌலர் என்ன ஆனார்? இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. 1916-ல் அவர் கப்பலேறி இந்தியாவுக்கு வந்துவிட்டார். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கனவில் உதித்து 1909-ல் பெங்களூரில் ஏற்பட்ட விஞ்ஞானக் கழகத்தில் ரசாயனப் பேராசிரியரானார். 1921-ல் அங்கே உயிர் ரசாயனத்துக்கென்று ஒரு தனிப் பகுதி ஆரம்பித்தபோது அதற்கும் அவரே தலைவர்.

அவர் வந்து சேர்ந்தது உலக யுத்தத்தின் நடுவில். அப்போது பீரங்கி மருந்து செய்வதற்கு அசிட்டோன் என்ற திரவம் ஏராளமாகத் தேவைப்பட்டது. மான்செஸ்டர் சர்வகலாசாலையில் இருந்த வைஸ்மன் என்பவர், தானியத்தை ஒருவகை பாக்டீரியாவிடம் கொடுத்துப் புளிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் வித்தையைக் கண்டுபிடித்திருந்தார். (1949-ல் இஸ்ரேல் நாட்டின் முதல் ஜனாதிபதியாக வந்தாரே, அதே வைஸ்மன்தான்.) இந்தியாவிலும் நாசிக்கில் அசிட்டோன் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. ஃபௌலரும் அவருடைய இந்திய மாணவர்களும் பெங்களூரில் உட்கார்ந்து எந்தப் பொருளை ஆராய்ந்தார்கள் தெரியுமா? மஹுவாப் பூவை! நம் இலுப்பையின் வடநாட்டுச் சகோதரி அது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று நாம் பழமொழி சொல்லிவிட்டு நின்றுவிட்டோம். அந்தச் சர்க்கரையைச் சாராயமாகவும் அசிட்டோனாகவும் மாற்றுவது எப்படி என்று அவர்கள் 1920-ல் நீண்ட கட்டுரை எழுதி வெளியிட்டார்கள்.

ஆக, ஒரே மனிதரின் வாழ்க்கையில் பாக்டீரியாவின் இரண்டு உத்தியோகங்களும் வந்து சந்தித்துவிட்டன. அழுக்கைத் தின்பது ஒன்று. பண்டம் செய்து கொடுப்பது மற்றொன்று. ஃபௌலருக்கு இவை இரண்டும் வேறு வேறாகத் தோன்றவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

டாட்டாவின் இரும்பு நகரமான ஜாம்ஷெட்பூரில் 1920-க்குப் பின் வந்த வருஷங்களில் அவருடைய 'உயிரூட்டிய சேறு' முறை கால் வைத்தது. ஆனால் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த ஃபௌலருக்கு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. வயல் விளைச்சலாக நைட்ரஜன் சத்து நகரத்துக்கு வருகிறது. நகரத்திலிருந்து சாக்கடையாக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. நிலத்துக்குத் திரும்புவதில்லை. இப்படியே போனால் மண் ஓட்டாண்டியாகிவிடாதா? சேற்றுக்கு உறை இட்டதுபோலக் குப்பைக்கும் உறை இட்டால் என்ன என்று யோசித்தார். பெங்களூரில் 1920-க்கு அடுத்த இரண்டொரு வருஷங்களில், மட்கிய குப்பையைக் கொண்டே புதுக் குப்பையை விரைவில் மட்கவைக்கும் 'உயிரூட்டிய எரு' முறையைச் செய்து காட்டினார்கள். இந்தூரில் எரு ஆராய்ச்சி செய்து உலகப் புகழ் பெற்றார் ஆல்பர்ட் ஹோவர்டு. 1931-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இந்த பெங்களூர் வேலையைப் பற்றிய பேச்சு வருகிறது. ஃபௌலரும் தம் பங்குக்கு 1934-ல் நைட்ரஜனைக் காப்பாற்றுவது பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். சாக்கடை நிபுணர் எருவைப் பற்றிப் புத்தகம் எழுதுவானேன் என்று கேட்டால், அவரைப் பொறுத்த வரையில் சாக்கடையின் கதை சுத்தமான தண்ணீரோடு முடியவில்லை என்பதுதான் பதில்.

நாம் என்ன செய்தோம்? பாடத்தில் பாதியை மட்டும் படித்தோம். தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற பாதி நமக்குச் சட்டமாக வந்தது. 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம். 1982-ல் தமிழ்நாட்டில் அதற்கென்று ஒரு வாரியம். நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் அழுக்கிலிருந்து ஆதாயம் எடுக்கலாம் என்ற மற்றொரு பாதி எங்கேயோ தவறிப் போய்விட்டது. அதனால்தான் பட்டறை முதலாளிகளில் பலர் தொட்டியைக் கோர்ட்டு அபராதத்தைப் போலவே பார்க்கிறார்கள்.

அந்த மற்றொரு பாதி வெறும் ஆசை வார்த்தை அல்ல. காற்றைக் கண்டாலே ஆகாத ஒருவகை பாக்டீரியாக்கள் உண்டு. மூடிய தொட்டியில் அழுக்கைப் போட்டால், அதைத் தின்றுவிட்டு எரிவாயுவைக் கொடுக்கும். 1895-ல் இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்தில் கேமரான் என்பவர் மலக்குழியிலிருந்து வந்த வாயுவைக் கொண்டு விளக்கு எரித்தார். இரண்டே வருஷத்தில், 1897-ல், நம் பம்பாயில் மாதுங்காவிலிருந்த குஷ்டரோகிகள் விடுதியில் அதே வித்தையால் விளக்கு எரிந்தது! ஊரார் ஒதுக்கிய மனிதர்கள், ஊரார் ஒதுக்கிய பொருளிலிருந்து வெளிச்சம் பெற்றார்கள். எந்தக் கதாசிரியனும் இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்துவிட முடியாது.

சுமார் எண்பது வருஷம் கழித்து, ஹாலந்து தேசத்தில் லெட்டிங்கா என்ற பேராசிரியர் இந்த வாயு பாக்டீரியாக்களுக்கும் உறை ரகசியத்தைப் பொருத்தினார். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும். பாக்டீரியாக்களோ கடுகுபோல் உருண்டு திரண்டு அடியிலேயே தங்கிவிடும். காற்று ஊதும் செலவும் இல்லை. பேடண்டினால் வந்த வழக்குகளை முன்பே சொன்னேன் அல்லவா? லெட்டிங்கா தம் முறைக்கு பேடண்ட் வாங்கவே இல்லை. ஏழை நாடுகள் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1989-ல் கான்பூரில் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் கழிவு நீருக்கு அந்த முறையில் ஒரு தொட்டி ஏற்பட்டது. நம் சேலத்துப் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்கிறார்களே, அந்தச் சேகோ ஆலைகளின் புளித்த தண்ணீர் ஊரையே நாற வைத்த காலம் உண்டு. இன்று சில ஆலைகளில் அதே தண்ணீர் மூடிய தொட்டிக்குள் போய் எரிவாயுவாக வெளியே வந்து, ஆலையின் வேலைக்கே உதவுகிறது.

இன்னும் ஆச்சரியமான விஷயம் ஒன்று. நம்மில் சிலருக்குச் சாப்பாடு மிஞ்சினால் உடம்பில் கொழுப்புச் சேர்கிறது. சில பாக்டீரியாக்களுக்குத் தீனி மிஞ்சினால் உடம்பில் பிளாஸ்டிக் சேர்கிறது! பாரிஸ் நகரத்தில் லெமோயின் என்பவர் 1926-ல் கண்டுபிடித்தது இது. மண்ணில் போட்டால் மட்கிப் போகிற பிளாஸ்டிக். கழிவு நீரில் வளரும் பாக்டீரியாக்களிடமிருந்தே அதைக் கறந்துவிடலாம் என்று பல நாடுகளில் ஆராய்ந்து வருகிறார்கள். செலவு இன்னும் கட்டுபடியாகவில்லை. ஆனாலும் வழி தெரிந்துவிட்டது.

இவ்வளவும் படித்துவிட்டு, 'அப்படியானால் பாக்டீரியாவிடம் விட்டுவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாம்' என்று நினைத்துவிடாதீர்கள். பாக்டீரியா எல்லாவற்றையும் தின்னாது. கஞ்சியைத் தின்னும், மெழுகைத் தின்னும், எண்ணெயைத் தின்னும். உப்பைத் தின்னாது. தோல் பதனிடும் குரோமியத்தையும் இல்லாமல் ஆக்கிவிடாது. திருப்பூரில் சாயத்தோடு சேர்ந்த உப்பு நொய்யலை நாசமாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப் பட்டறைகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே பாக்டீரியாவோடு வேலை முடிவதில்லை. சல்லடைக்குள் சல்லடையாகத் தண்ணீரை அழுத்தி வடித்து, மிஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட பட்டறைகளின் சேற்றை வயலுக்குப் போடவும் கூடாது. மில்வாக்கிக்காரர்கள் செய்ததை நாமும் செய்ய வேண்டுமானால், தொட்டிக்குள் எதை விடுகிறோம் என்பதில் முதலில் கவனம் வேண்டும். விஷத்தை உள்ளே விட்டுவிட்டு வெளியே உரம் வரவேண்டும் என்றால் எப்படி வரும்?

இதில் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஊருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அங்கே சாயம் இல்லை. தண்ணீரில் உள்ள அழுக்கில் பெரும்பகுதி கஞ்சியும் பருத்தியின் மெழுகும்தான்; பாக்டீரியாவுக்கு விருந்துச் சாப்பாடு. அந்தக் கஞ்சியை நீக்குவதே கூட பாக்டீரியாவின் உபயம்தான். பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதிச் சத்தால் துணியின் கஞ்சியைக் கரைக்கும் முறைக்கு பாய்டின், எஃப்ரோன் என்ற இருவர் 1917-லேயே பேடண்ட் வாங்கிவிட்டார்கள். ஆக, பட்டறையின் முன்வாசலிலும் பாக்டீரியா; பின்வாசலிலும் பாக்டீரியா. நடுவிலே இருக்கிற வெளுப்பு மருந்துதான் அதற்கு யமன்.

அந்த யமன் ஒருநாள் வந்துவிட்ட கதையை நண்பரின் பட்டறைப் பெரியவர்தான் எனக்குச் சொன்னார். ஒரு இரவு ஷிப்டில், அவசர ஆர்டரை முடிக்கிற பரபரப்பில், வெளுப்பு மருந்துத் தண்ணீரை முறித்துச் சாதுவாக்காமல் அப்படியே தொட்டிக்குத் திறந்துவிட்டார்கள். காலையில் வந்து பார்த்தால் கொப்பளிப்பு என்னவோ இருக்கிறது. காபி நிறம் போய்விட்டது. கண்ணாடிக் குழாயில் மொண்டு வைத்தால் அரை மணி ஆகியும் எதுவும் கீழே இறங்கவில்லை. கலங்கல் கலங்கலாகவே நின்றது.

"செத்துப் போச்சு அண்ணாச்சி. அத்தனையும் ஒரே ராத்திரியிலே" என்றார். பசுமாடு செத்துப் போனதைச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

தண்ணீரை வெளியே விட முடியாது. விடாவிட்டால் துணி வெளுக்க முடியாது. பட்டறை நின்றது. தினக்கூலிக்கு வந்தவர்கள், முக்கால்வாசிப் பேர் பெண்கள், வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பெரியவர் தொட்டியை வடித்து, சாணத்தைக் கரைத்து ஊற்றினார். வெல்லத் தண்ணீரும் கொஞ்சம் யூரியாவும் கொடுத்தார். பஞ்சுத் துணி அலசின தண்ணீரில் மாவுச் சத்து இருக்குமே தவிர நைட்ரஜன் போதாது, அதனால் யூரியா. அப்படியும் சாண உறை திரண்டு வரப் பல நாள் ஆகும். ஐந்து வாரம் ஊதிக்கொண்டிருந்த மான்செஸ்டர் சீசாவின் நிலைமைதான்.

மூன்றாம் நாள் ஒரு டாங்கர் லாரி வந்து நின்றது. தொழிலில் நண்பருக்குப் போட்டியாக இருக்கும் இன்னொரு பட்டறையிலிருந்து வந்திருந்தது. முழுக்க முழுக்கக் காபி நிறச் சேறு!

"நீங்கள் போய்க் கேட்டீர்களா?" என்று நண்பரைப் பார்த்துக் கேட்டேன்.

"நானா? அவர் வாசலிலா? இவர்தான் எனக்குத் தெரியாமல் போய்க் கேட்டிருக்கிறார்" என்றார் நண்பர்.

பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "அவங்க தொட்டி முதன்முதல்லே கிளம்பினபோது நம்ம சேற்றைத்தானே அஞ்சு டிரம் கொண்டுபோனாங்க. நம்ம உறைதான், திரும்பி வந்திருக்கு."

சுமார் ஒரு வாரத்தில் தொட்டி பிழைத்துவிட்டதாம். பட்டறையும் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வெளுப்பு மருந்துக் குழாயின் சாவி ராத்திரி நேரத்தில் பெரியவரின் இடுப்பில்தான் இருக்கிறது. நண்பரின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் தொட்டி இன்னும் 'செலவு' என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கிறது. "ஒரு வாரம் பட்டறை நின்றதே, அந்த நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதினீர்கள்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எனக்குக் காபி வரவழைத்தார். காபியின் நிறத்தைப் பார்த்ததும் எனக்குக் குடிக்கக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கிக்கொண்டேன். பெரியம்மா இல்லை, அந்த வீடும் இப்போது வேறொருவருடையது. மறுநாள் என் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, மனைவி தயிர்ப் பாக்கெட்டைக் கத்தரித்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். அதிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துத் தனியாக வைத்தேன்.

"எதற்கு? நாளைக்கும் கடையில் பாக்கெட் கிடைக்குமே" என்றாள்.

"கிடைக்கும்" என்றேன். ஆனாலும் அந்தக் கரண்டியை மூடி வைத்தேன்.